மின் பிரேக் கொண்ட டிரெய்லரை இழுக்க வாகனத்தின் ஒயரிங்கில் என்ன மாற வேண்டும்?

அமெரிக்காவில் பிக்கப் வாகனங்களும் எஸ்யூவிகளும் கேரவன் ஒன்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் விரைவது அன்றாடக் காட்சி. சிறிய டிரெய்லர்களுக்கு நான்கு முனைகள் கொண்ட தட்டையான பிளக் போதுமானதாக இருக்கிறது. பின்விளக்கு, இடதுபுற விளக்கு, வலதுபுற விளக்கு, எர்த் ஆகியவற்றுடன் அதன் பணி முடிந்துவிடுகிறது. டிரெய்லரின் சிவப்பு விளக்கு எரியும். ஆனால் அதன் சக்கரங்களை நிறுத்த எந்த ஏற்பாடும் இருக்காது.

எடை கூடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. முன்னே செல்லும் வாகனம் பிரேக் பிடிக்கையில், பிரேக் இல்லாத டிரெய்லர் அதைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. வளைவிலோ இறக்கத்திலோ இவ்வாறு நேர்ந்தால் இரண்டும் கத்தரிக்கோல் போல மடிந்து சாலையின் குறுக்கே நின்றுவிடும் அபாயம் உண்டு. இதனால்தான் அமெரிக்காவின் பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு (சுமார் 1,360 கிலோ) மேற்பட்ட டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆஸ்திரேலியாவில் இந்த வரம்பு 750 கிலோ.

இந்தியாவில் கனரக டிரெய்லர்களுக்குக் காற்றழுத்த பிரேக் பயன்படுத்தப்படுவதால், மின் பிரேக் இங்கு பலருக்கும் புதியது. அதன் அமைப்பு எளிமையானது. சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் பொருத்தப்பட்டிருக்கும். மின்சாரம் பாய்ந்தவுடன் அது சுழலும் டிரம்மின் உட்பரப்பில் ஒட்டிக்கொண்டு, சுழற்சியின் போக்கில் சிறிது இழுக்கப்படுகிறது. அந்த இழுப்பு ஒரு நெம்புகோலை நகர்த்த, பிரேக் ஷூக்கள் டிரம்மை அழுத்துகின்றன. மின்சாரம் எவ்வளவோ, அவ்வளவு பிடிப்பு.

இதற்காக வாகனத்தின் பின்புறம் ஏழு முனை சாக்கெட்டாக மாற்றப்படுகிறது. கூடுதல் மூன்று முனைகளில் ஒன்று பிரேக்குக்கு, மற்றொன்று டிரெய்லரின் பேட்டரியை மின்னேற்றம் செய்வதற்கு, மூன்றாவது பெரும்பாலும் பின்னோக்கிச் செல்லும் விளக்குக்கு. சாக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுவது பரவலான தவறு. ஓட்டுநர் இருக்கைக்கு அருகே பிரேக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று அவசியம். அதற்கு நான்கு ஒயர்கள்: பேட்டரியிலிருந்து கறுப்பு, எர்த்துக்கு வெள்ளை, பிரேக் மிதியின் சுவிட்சிலிருந்து சிவப்பு, டிரெய்லருக்குச் செல்லும் நீலம். செலவைக் குறைக்க எண்ணி, பிரேக் விளக்கின் ஒயரையே நேரடியாக டிரெய்லர் பிரேக்குடன் இணைப்பது ஆபத்தானது. மிதியை லேசாகத் தொட்டாலும் முழு வேகத்தில் பிரேக் விழும். விளக்குக்கான மெல்லிய ஒயரும் அந்தச் சுமையைத் தாங்காது.

ஒயரின் தடிமன் இங்கு அலட்சியப்படுத்தக் கூடாதது. ஒரு மின்காந்தம் சுமார் 3 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். இரண்டு அச்சு டிரெய்லரில் நான்கு மின்காந்தங்கள் இருப்பதால் மொத்தம் 12 ஆம்பியர். கருவியிலிருந்து சக்கரம் வரை 12 மீட்டர் தூரம் என்று கொள்வோம். 1.3 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் போகும் வழியிலேயே ஏறக்குறைய 2 வோல்ட் இழப்பாகிறது. 3.3 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அந்த இழப்பு முக்கால் வோல்ட்டாகக் குறைகிறது. மொத்தமே 12 வோல்ட் உள்ள அமைப்பில் 2 வோல்ட் என்பது சிறிய தொகையல்ல. எர்த் ஒயர் துருப்பிடித்த இடத்தில் இணைக்கப்பட்டிருந்தால் இழப்பு மேலும் கூடும். ஒயர்களின் நிறங்கள் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடுவதால், நிறத்தை நம்பாமல் சோதனைக் கருவியால் ஒவ்வொரு முனையையும் பார்த்து இணைப்பதே முறை.

கருவிகளிலும் இரு வகை உண்டு. ஒன்று, மிதியை அழுத்தியதும் முன்னரே குறிக்கப்பட்ட வேகத்தில் மின்சாரத்தைக் கூட்டிச்செல்லும். மற்றொன்று, வாகனம் எவ்வளவு விரைவாக வேகம் குறைகிறது என்பதை உணர்ந்து அதற்கேற்ப மின்சாரம் அனுப்பும். மலைப்பாதைகளுக்கு இரண்டாவதே உகந்தது. எந்த வகையானாலும், சமதளமான உலர்ந்த சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் சோதித்து, டிரெய்லர் சக்கரங்கள் சுழலாமல் பூட்டிக்கொள்ளும் நிலைக்குச் சற்றுக் கீழே அளவை நிறுத்த வேண்டும். சுமை மாறினால் அளவையும் மாற்ற வேண்டும்.

கருவியில் உள்ள கைவிசைக்கு ஒரு முக்கியப் பயன் இருக்கிறது. டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால், வாகனத்தின் பிரேக்கை மிதிப்பது ஆட்டத்தை அதிகரிக்கக்கூடும். கைவிசையால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடித்தால், அது பின்னோக்கி இழுபட்டு நேராகிறது.

இணைப்பு அறுந்து டிரெய்லர் தனியே ஓடும் நிலைக்கும் ஏற்பாடு உண்டு. வாகனத்துடன் கட்டப்பட்ட மெல்லிய கம்பிவடம் இழுபட்டவுடன் ஒரு ஊசி கழன்று, டிரெய்லரிலுள்ள சிறு பேட்டரி பிரேக்குகளை இயக்கிவிடும். இந்த வடத்தைக் கொக்கியிலோ பாதுகாப்புச் சங்கிலியிலோ கட்டாமல், வாகனத்தின் சட்டத்தில் தனியே கட்ட வேண்டும். ஊசியை உருவிச் சோதிக்கும்போது ஏழு முனை பிளக்கை முதலில் கழற்றிவிட வேண்டும். இல்லையெனில் மின்சாரம் திரும்பிப் பாய்ந்து கட்டுப்பாட்டுக் கருவியைப் பழுதாக்கக்கூடும்.