குறிபார்ப்போரின் ஓய்வு நேரம்



துவக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் சிலர் முகஞ்சுளிப்பர். வேட்டையையும் போரையும் தவிர அதற்கு வேறு பயனில்லை என்று எண்ணுவது அவர்களின் வழக்கம். கடதாசியில் வரைந்த வட்டத்தைக் குறிபார்த்துச் சுடுவதை விளையாட்டாகக் கொண்டோர் உலகெங்கும் உளர் என்பதையும், 1896 ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக் விழாவிலேயே அவ்விளையாட்டு இடம்பெற்றது என்பதையும் அவர்களுக்கு நினைவூட்டலாம். இன்றைய பேச்சு அத்தகைய குறிபார்ப்போரைப் பற்றியது. சுடுகளத்துக்குச் செல்ல முடியாத நாட்களில், மழையாலோ, உத்தியோக ஓய்வாலோ, நோயாலோ வீட்டிலேயே தங்க நேர்ந்த வேளைகளில், அவர்கள் தம் பொழுதை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதே பொருள்.

2020 ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் உலகமே வீட்டுக்குள் அடங்கியபோது, இக்கேள்வி வெறும் பொழுதுபோக்குக் கேள்வியாக இருக்கவில்லை. தோக்கியோ ஒலிம்பிக் விழா ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. சுடுகளங்கள் பூட்டப்பட்டன. பல்லாண்டுப் பயிற்சியினால் கைவந்த திறமை சில மாதங்களில் துருப்பிடித்துவிடுமோ என்ற அச்சம் வீரர் பலரை வாட்டியது. அவர்களுள் பலர் விறாந்தையிலும் படுக்கையறையிலும் பத்து மீற்றர் தூரத்தை அளந்து, அங்கேயே பயிலத் தொடங்கினர். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில், வெவ்வேறு நாடுகளில் தத்தம் வீடுகளில் நின்றபடியே இணையத்தின் வாயிலாகப் போட்டியிட்டோரும் உண்டு.

இஃது அன்று புதிதாகத் தோன்றிய வழியுமன்று. இந்திய நாட்டின் அபினவ் பிந்திரா தம் இல்லத்திலேயே சுடுகூடம் ஒன்றை அமைத்துப் பயின்றவர். 2008 ஆம் ஆண்டில் பெய்ஜிங் நகரில் பத்து மீற்றர் காற்றுறைபிள் போட்டியில் அவர் பெற்ற பொற்பதக்கமே, தனிநபர் போட்டியில் இந்தியா பெற்ற முதலாவது ஒலிம்பிக் பொற்பதக்கமாகும். அவருக்கு வசதி இருந்தது என்று சொல்லலாம். ஆனால் ஹங்கேரி நாட்டு இராணுவ வீரரான காரோலி தக்காச்சுக்கு என்ன வசதி இருந்தது? 1938 இல் கைக்குண்டு ஒன்று வெடித்து அவருடைய வலது கை சிதைந்தது. அந்தக் கையினால்தான் அவர் கைத்துப்பாக்கி சுட்டு வந்தார். மருத்துவமனையை விட்டு வந்தபின் யாருக்கும் சொல்லாமல் இடது கையைப் பழக்கினார். 1939 இல் தம் நாட்டுப் போட்டியில் வென்றார். 1940 இலும் 1944 இலும் போரினால் ஒலிம்பிக் விழாக்கள் நடைபெறவில்லை. 1948 இல் இலண்டனில், முப்பத்தெட்டாம் வயதில், இடது கையினால் சுட்டு 580 புள்ளிகள் பெற்று உலக சாதனையுடன் வென்றார். 1952 இல் ஹெல்சிங்கியில் மறுபடியும் வென்றார். பயிற்சி என்பது வெடிச்சத்தத்தில் மட்டும் இருப்பதன்று என்பதற்கு இவரினும் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுப் பயிற்சியில் தலையாயது வெற்று விசைப் பயிற்சி. தோட்டாவோ சன்னமோ இல்லாத துவக்கை ஏந்தி, குறிபார்த்து, விசையை அழுத்துவதே அது. கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும். அதன் பயனை ஒரு சிறு கணக்கினால் காட்டலாம்.

பத்து மீற்றர் றைபிள் போட்டியில் குறித்தாளின் முழு விட்டம் 45.5 மில்லிமீற்றர். அதன் நடுவே பத்துப் புள்ளிக்குரிய இடம் அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள பொட்டு. குண்டூசியின் தலையினும் சிறியது. ஒவ்வொரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடையேயுள்ள தூரம் 2.5 மில்லிமீற்றர். துவக்கின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைப்பட்ட நீளம் 80 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். முன்குறி ஒரு மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்கு விலகினால், பத்து மீற்றருக்கு அப்பால் சன்னம் சரியாக 2.5 மில்லிமீற்றர் விலகும். அதாவது ஒரு வளையம் பறிபோகும். விசையை அழுத்தும் விரல் சற்றே பதறினாலும் இவ்வளவு விலகல் ஏற்படும். சுடும்போது சத்தமும் அதிர்வும் அந்தப் பதற்றத்தை மறைத்துவிடுகின்றன. துவக்கு வெறுமையாக இருக்கும்போது மறைப்பதற்கு ஒன்றுமில்லை. விசை விடுபடும் கணத்தில் முன்குறி அசைந்ததா, அசையவில்லையா என்பதைக் கண் நேரே காண்கிறது.

முதலில் வெறும் வெள்ளைச் சுவரை நோக்கிப் பயில வேண்டும். குறி ஒன்று இருந்தால் மனம் அதன்பின் ஓடும். சுவரில் ஒன்றுமில்லாதபோது குறிகாட்டிகளிலும் விரலிலுமே கவனம் நிற்கும். சில நாட்களின் பின் சிறிய கறுப்பு வட்டம் ஒன்றை ஒட்டலாம். அறையில் பத்து மீற்றர் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. றைபிள் குறித்தாளின் கறுப்புப் பகுதி 30.5 மில்லிமீற்றர் விட்டமுள்ளது. ஐந்து மீற்றர் தூரத்தில் அதன் பாதியாகிய 15.25 மில்லிமீற்றர் வட்டமும், மூன்று மீற்றர் தூரத்தில் 9.15 மில்லிமீற்றர் வட்டமும் கண்ணுக்கு அதே அளவாகத் தோன்றும். கவராயமும் கறுப்பு மையும் இருந்தால் போதும். அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்வதில் பயனில்லை. களைத்த உடல் பிழையையே மனனம் செய்யும்.

இன்னொரு பயிற்சிக்கு விசையைத் தொடவே வேண்டியதில்லை. துவக்கை ஏந்தி நின்று, குறியை நோக்கி, கண்களை மூடிக்கொண்டு இரண்டு மூன்று முறை இயல்பாக மூச்சுவிட வேண்டும். பின் கண்களைத் திறந்து பார்த்தால், முன்குறி இடப்புறமோ வலப்புறமோ போயிருக்கும். அங்கேதான் உடல் இயல்பாக நிற்க விரும்புகிறது. பழக்கமில்லாதவர் கையினால் அதை இழுத்துச் சரிசெய்வார். இழுத்த தசை விசை விடுபடும் கணத்தில் தன் பழைய இடத்துக்கே திரும்பும். பழகியவர் பாதத்தைச் சற்றே நகர்த்துவார். பாதம் திரும்பினால் உடல் முழுவதும் திரும்பும். இதை வீட்டில் நூறு முறை செய்து பார்த்தவர், போட்டியில் நின்றவுடன் தம் பாதங்களைத் தாமே சரியான இடத்தில் வைப்பதைக் காண்பார்.

பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுவோருக்கு வேறொரு வழி உண்டு. அவர்களுடைய பன்னிரண்டாம் இலக்கத் துவக்கின் குழல்வாய்க்குள் சிறிய ரோச் விளக்கு ஒன்று பொருந்தும். மாலை வேளையில் அறை விளக்கைத் தணித்துவிட்டு, சுவரும் கூரைத்தளமும் சந்திக்கும் கோட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அந்த ஒளிப்பொட்டு வழுவாமல் செல்லுமாறு துவக்கைத் தோளில் ஏற்றி வீச வேண்டும். கன்னத்தில் கட்டை சரியாகப் பதியாவிட்டால் பொட்டு கோட்டை விட்டுத் துள்ளும்.

இனி, இவையெல்லாவற்றுக்கும் முன்னே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று. பயிற்சி தொடங்குமுன் துவக்கு வெறுமையாக இருக்கிறதென்பதைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி அறிய வேண்டும். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கலாகாது. வேறோர் அறையில் அலுமாரியில் பூட்டி, திறப்பைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். ‘வெறுந்துவக்கு’ என்று நம்பிய துவக்கு வெடித்து வீட்டிலுள்ள குழந்தையோ மனைவியோ மாண்ட செய்தி எந்த நாட்டுப் பத்திரிகைக்கும் புதிதன்று. ஆகவே, ஆளில்லாத கற்சுவர் ஒன்றையே எப்போதும் நோக்க வேண்டும். அடுத்த அறையில் தொட்டில் இருக்குமாயின் பலகைச் சுவரை நோக்கக் கூடாது. பயிற்சியிடையே யாராவது அழைத்தால் போய்வந்து மீண்டும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். விபத்துக்கள் இந்த இடைவேளைகளின் பின்னரேயே நிகழ்கின்றன. பயிற்சி முடிந்ததும் “இன்றைக்கு முடிந்தது” என்று வாய்விட்டுச் சொல்லித் துவக்கைப் பூட்டிவைக்கும் பழக்கம் பல கழகங்களில் உண்டு. நகைப்புக்குரியதுபோல் இருந்தாலும், தோட்டாவை நிரப்பியபின் ‘இன்னொரு முறை’ என்று விசையை அழுத்தும் மறதியை அது தடுக்கிறது. துவக்கு வைத்திருப்பதற்கும் அதைச் சுடுமிடத்துக்கும் உரிய அனுமதிப்பத்திரமும் சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். அவற்றை அறிந்தே எதையும் செய்ய வேண்டும்.

துவக்கு வகையையும் கவனிக்க வேண்டும். வில்விசையால் இயங்கும் காற்றுத் துவக்கைச் சன்னமின்றிச் சுட்டால், உள்ளேயுள்ள உந்துதண்டு காற்றுத் தடையின்றி முன்னே மோதிச் சிதையும். .22 றைபிளில் அடிமுள் தோட்டா அறையின் விளிம்பில் பட்டு அதை மழுங்கச் செய்யக்கூடும். அதற்கென விற்கப்படும் போலித் தோட்டாவை இடலாம். போட்டிக்குரிய புதிய காற்றுத் துவக்குகள் பலவற்றில் வெற்று விசைப் பயிற்சிக்கென்றே தனியமைப்பு உண்டு.

சட்டமும் இடமும் இசைந்து, காற்றுத் துவக்கினால் வீட்டிலேயே சுடக்கூடியவருக்குத் தச்சுவேலை காத்திருக்கிறது. சன்னம் பிடிக்கும் பெட்டியைத் தாமே செய்யலாம். முன்புறம் திறந்த மரப்பெட்டி. உள்ளே மேலிருந்து பின்கீழாகச் சாய்ந்த உருக்குத் தகடு. செங்குத்தாக நிறுத்திய தகடு சன்னத்தைச் சுட்டவர் முகத்துக்கே திருப்பியனுப்பும். சாய்ந்த தகடு அதைப் பெட்டியின் அடித்தளத்துக்குத் தள்ளும். அடித்தளத்தில் மணலோ பழைய றப்பர்த் துண்டுகளோ பரப்பலாம். தகட்டுக்குப் பதிலாக, குழாய் பொருத்துவோர் பயன்படுத்தும் பசைமண்ணைப் பெட்டியில் அப்பி வைப்போரும் உளர். அதில் சன்னம் சத்தமின்றிப் புதையும், உறங்குவோருக்கும் தொந்தரவில்லை. பெட்டியின் பின்னே கனத்த பலகையொன்றை நிறுத்துவது நன்று. ஏனெனில் எவ்வளவு தேர்ந்தவரும் ஒருநாள் பெட்டியையே தவறவிடுவார்.

சன்னங்கள் பெரும்பாலும் ஈயத்தாலானவை. ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே பெட்டியைச் சுற்றியுள்ள தரையை விளக்குமாற்றினால் கூட்டித் தூளை எழுப்பாமல், ஈரத் துணியினால் துடைத்தெடுக்க வேண்டும். சுட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவாமல் உணவைத் தொடலாகாது. சேர்ந்த ஈயத்தைச் சமையலறையில் உருக்கிப் பார்க்கும் ஆசை சிலருக்கு எழும். அந்த ஆசைக்கு இடங்கொடாதிருப்பதே நல்லது.

கைத்துப்பாக்கிக்காரருக்கோ கைப்பிடி செதுக்கும் வேலையே பல மாலைகளை விழுங்கிவிடும். கடையில் வாங்கிய வால்நட் மரப்பிடி எந்தக் கைக்கும் முற்றாகப் பொருந்துவதில்லை. உள்ளங்கையில் விளக்குக் கரியைப் பூசிப் பிடியை இறுகப் பற்றினால், அழுத்தும் இடங்களில் கரி ஒட்டும். அவ்விடங்களை அரத்தினால் சிறிது சிறிதாகத் தேய்த்து, தொடாத பள்ளங்களை மரப்பசையினால் நிரப்பி, காய்ந்தபின் மறுபடியும் கரி பூசிப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் முடிக்க முயல்பவர் தேவைக்கு மேல் தேய்த்துவிடுவார். முடிந்தபின் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிய படைகளாகப் பூசினால் மரம் பொலிவு பெறும். எண்ணெய் தோய்ந்த அந்தக் கந்தலைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. அவ்வெண்ணெய் காற்றுடன் கலந்து உலரும்போது வெப்பம் பிறக்கிறது. சுருண்ட துணிக்குள் அந்த வெப்பம் சிக்கித் தானாகவே தீப்பற்றும். கந்தலைத் தண்ணீரில் அமிழ்த்தியோ, வெளியிலே கொடியில் விரித்து உலர்த்தியோதான் அகற்ற வேண்டும்.

குறிப்பேடு எழுதுவதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கொப்பியில் நாள், நேரம், விசை விடுபட்ட கணத்தில் முன்குறி நின்ற இடம் ஆகியவற்றை எழுதினால் போதும். சுடும் நாளிலும், சன்னம் எங்கே பட்டிருக்கும் என்பதைப் பார்க்குமுன் எழுதிவிட்டுப் பின்னர் ஒப்பிடுக. இரண்டும் ஒத்துவரத் தொடங்குவதே முன்னேற்றம்.

வீட்டுக்குள்ளும் விடுதிக்குள்ளும் சுடுவது ஐரோப்பாவில் பழைய வழக்கம். குளிர்காலத்தில் வெளியே செல்ல முடியாத பவேரிய நாட்டார், நான்கு மில்லிமீற்றர் குண்டைச் சுடும் அறைத்துவக்குகளை ஆக்கினர். அவற்றுக்கு வெடிமருந்தே இல்லை. தோட்டாவின் தீமூட்டும் கலவையின் விசையே குண்டை உந்தியது. இங்கிலாந்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உழைப்பாளர் மாலை வேளைகளில் மதுச்சாலைகளில் கூடிக் காற்றுத் துவக்கினால் மணியடிக்கும் போட்டி நடத்தினர். இரும்புத் தகட்டின் நடுவே ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு விட்டமுள்ள துளை. அதன் பின்னே மணி. ஏறக்குறைய ஏழு யார் தூரத்திலிருந்து சன்னம் துளை வழியே சென்றால் மணி ஒலிக்கும். புள்ளி எண்ணக் கண்ணாடி தேவையில்லை. வாசலில் நிற்பவனுக்கும் முடிவு தெரிந்துவிடும்.

அந்த ஜெர்மானியரிடம் இன்னொரு கலையும் இருந்தது. குறிப்பலகையை வெறும் வட்டங்களோடு விடாமல், அதில் சித்திரம் தீட்டினர். திருமணம், குழந்தைப்பேறு, கழக வெற்றி ஆகியவற்றை முன்னிட்டு வட்டமான மரப்பலகையில் மலையும் தேவாலயமும் மானும் வரைந்து, பெயரும் ஆண்டும் எழுதி, அதையே குறியாக வைத்துச் சுட்டனர். துவக்கைத் தொட விரும்பாத மனைவியும் மக்களும் தூரிகையேந்தி இதில் பங்குகொள்ளலாம். சுட்டு முடிந்த பலகையை அவர்கள் எறிந்துவிடுவதில்லை. வீட்டுச் சுவரில் மாட்டுவர். மலைச்சரிவிலும் ஆகாயத்திலும் இங்குமங்குமாகக் குண்டுத்துளைகள் தெரிய, அத்தகைய பலகைகள் பல இன்றும் அந்நாட்டு விடுதிகளில் தொங்குகின்றன.