உசிலையின் சமையற்கட்டு

எண்ணெய்க் குளியல் நாளில் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில் அரப்புப் பொடியை வடித்த கஞ்சியில்தான் குழைப்பார்கள். கையால் நாலு சுற்றுச் சுற்றினால் பச்சை நுரை எழும்பும். அந்த நுரைக்குக் காரணம் இலையில் இருக்கும் சபோனின். அதன் ஒரு முனை எண்ணெயோடு ஒட்டும், மறுமுனை தண்ணீரோடு ஒட்டும். இடுக்கியால் பாத்திரத்தைக் கவ்வி இறக்குவதுபோல, தலையிலிருக்கும் எண்ணெயைக் கவ்வித் தண்ணீரோடு இறக்கிவிடும்.

அந்த இலை உசிலை மரத்து இலை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழையும் தென்னையுமாக இருக்கிற தீவில் அதைத் தேட வேண்டாம். கொள்ளிடப் பாலம் தாண்டி, துறையூர் வழியாகப் பச்சைமலை அடிவாரத்துக்குப் போக வேண்டும். வெள்வேல், வெட்பாலை, வேம்பு, நடுநடுவே உசிலை. முள்ளும் புதருமான காடு அது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் தென்னிந்தியத் தாவர வரைபடம் போட்டபோது, இந்த மாதிரிக் காடுகளை உசிலை, வேல மரங்களின் பெயராலேயே குறித்தார்கள். இங்கே வடகிழக்குப் பருவமழைதான் பெரிய வரவு. அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வெயிலைத் தள்ள வேண்டும். உசிலை எப்படித் தள்ளுகிறது?

முதலில் இலையைப் பாருங்கள். சிற்றிலை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு சீரகம் அளவுதான். சுடச்சுடக் களியை உருட்டி வைத்தால் வெகுநேரம் சூடு நிற்கும். இடியாப்பத்தை உதிர்த்துவிட்டால் இழைக்கு இழை காற்றுப் புகுந்து உடனே ஆறிவிடும். வாழை போன்ற அகன்ற இலையின் மேல் சூடான காற்று கனமாகப் படிந்து நிற்கும். அதனால் அது தண்ணீரை ஆவியாக விட்டுத்தான் உடம்பைக் குளிர்வித்துக்கொள்ள முடியும். உசிலைக்கு அந்தச் செலவு குறைவு. வீசுகிற காற்றே சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும்.

பொழுது சாய்ந்ததும் இந்தச் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மூடிக்கொள்ளும். வெள்ளரிக்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும் அல்லவா, அதே கணக்குதான் இங்கும். ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் சின்னதாக ஒரு மேடு இருக்கிறது. மேட்டின் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம் உப்பு வெளியேறுகிறது. உப்பு போன வழியே தண்ணீரும் போகிறது. அந்தப் பக்கம் துவள, எதிர்ப்பக்கம் உப்ப, இலை மடிகிறது. விடிந்ததும் உப்பு திரும்புகிறது, தண்ணீரும் திரும்புகிறது. எலும்பும் தசையும் இல்லாமல் ஒரு மரம் தினமும் கைகூப்பிப் பிரிப்பது எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

வறட்சி முற்றினால் இலையையே உதிர்த்துவிடும். கேஸ் தீரப்போகிறது என்று தெரிந்தால் அடுப்பை அணைத்துவிடுவதுபோல.

வேர் ஆழம் போவதைவிட அகலமாகப் பரவுவதுதான் அதிகம். தூறல் விழுந்தாலே தாழ்வாரத்து விளிம்பில் குண்டானும் குடமும் வரிசையாக வைக்கிற வீடு மாதிரி, மேல்மண் நனைந்தவுடனே பிடித்துக்கொள்ளும். அந்த வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். இட்லி மாவில் நுண்ணுயிர்கள் மாவின் சர்க்கரையைத் தின்று நமக்குப் புளிப்பும் உப்பலும் தருகின்றன. இங்கே ரைசோபியம் பாக்டீரியா மரம் கொடுக்கும் சர்க்கரையைத் தின்று, காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கித் தருகிறது. ஆக்சிஜன் அதிகமானால் இந்த வேலை கெட்டுவிடும். ஊறுகாயின் மேல் நல்லெண்ணெய் நின்று காற்றைத் தடுக்கும். முடிச்சுக்குள் ஒரு சிவப்புப் புரதம் ஆக்சிஜனைப் பிடித்து அளந்து விடுகிறது. நம் ரத்தத்துச் சிவப்புக்கு உறவான புரதம் அது. உயிருள்ள முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது இதனால்தான்.

கொல்லைக் கறிவேப்பிலையைப் போல, உசிலையும் வெட்டினால் அடியிலிருந்து மறுபடி தளிர்க்கும். ஆனால் தரிசு, புதர் என்று சொல்லிப் பொக்லைனால் வேரோடு கெல்லினால் தளிர்க்க என்ன இருக்கிறது? இருக்கிற உசிலங்காட்டை அழித்துவிட்டு வேறு கன்று நடுவதற்குப் பசுமைப் பணி என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நடுவதென்றால் இதன் விதையையே எடுங்கள். கொள்ளு ஊறவைத்தால் சிலது மட்டும் கல்லாகவே கிடக்குமே, உசிலையும் அந்தக் குடும்பம்தான், தோல் கெட்டி. கொதித்த தண்ணீரை இறக்கி வைத்து, விதையை அதில் போட்டு, ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். காலையில் உப்பியதை மண் நிரப்பிய பையில் ஊன்றலாம். உப்பாததை மறுபடி வெந்நீரில் போடுங்கள்.