வால்வுக்குக் கிளிப்: கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்தால்தான் தூக்கம் வருகிறது. கால் வீங்கி, செருப்பு வாரின் தடம் மறையாமல் நிற்கிறது. எக்கோ பார்த்த டாக்டர் 'மைட்ரல் வால்வு லீக்' என்கிறார். இதயத்தின் இடப்பக்கக் கதவு சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது என்று பொருள்.

'நெஞ்சைத் திறக்காமலே கிளிப் போடலாம்' என்றதும் குடும்பத்துக்குப் பெரிய நிம்மதி. தொடை இடுக்கின் ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, மேலறைகளின் இடைச்சுவரைத் துளைத்து, வால்வின் இரண்டு இதழ்களையும் நடுவில் கவ்வும் கிளிப்பை வைப்பார்கள். இதயத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால், எல்லா லீக்குக்கும் இது மருந்தல்ல.

யாருக்குப் பலன்?

இதயம் பலவீனமாகி, அதனால் வால்வு கசிந்தவர்களிடம் நடந்த இரண்டு ஆய்வுகள் 2018-ல் வெளிவந்தன. 614 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வான 'கோஆப்ட்'டில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 46.1 சதவீதம் பேர் இரண்டு ஆண்டுகளில் இறந்தனர். கிளிப்பும் போட்டவர்களில் அது 29.1 சதவீதம். பிரான்ஸில் நடந்த மற்றொரு ஆய்விலோ கிளிப்பால் பலன் தெரியவில்லை. ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்தான் வெற்றி இருக்கிறது. சிறுவயது ருமாட்டிக் காய்ச்சலால் தடித்துச் சுருங்கிய வால்வுக்குக் கிளிப் பொதுவாகப் பொருந்தாது. நம் நாட்டில் அத்தகைய நோயாளிகள் ஏராளம்.

ஆபத்துகள்

குழாய் நுழைத்த இடத்தில் ரத்தக்கசிவு, பக்கவாதம், ஓர் இதழிலிருந்து கிளிப் நழுவுதல், வால்வு குறுகிப்போதல், லீக் மிச்சமிருத்தல் ஆகியவை நேரலாம். சிலருக்குப் பிறகு அறுவை சிகிச்சையும் தேவைப்படும்.

உங்கள் உரிமை

சிகிச்சையின் பலன், ஆபத்து, மாற்று வழி மூன்றையும் விளக்கிய பிறகு பெறுவதே முறையான ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்தது. ஆகவே கேளுங்கள்: 'மருந்துகளை முழு அளவில் கொடுத்துப் பார்த்தாயிற்றா? அறுவை நிபுணரும் எக்கோவைப் பார்த்தாரா? எனக்கு ஏன் கிளிப்?' வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பொருத்திய கருவியின் பெயர், வரிசை எண் உள்ள அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

தவறு நேர்ந்தால்

பணம் கட்டிப் பெற்ற சிகிச்சையில் அலட்சியம் நடந்திருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம்; நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். டாக்டரின் நடத்தை குறித்து மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே நேர்ந்த அலட்சியத்துக்கு சிவில் நீதிமன்றத்தை நாடலாம்.

விடிகாலையில் நர்ஸ் நீட்டும் படிவத்தில், பெருக்கல் குறியிட்ட இடத்திலெல்லாம் அவசரமாகக் கையெழுத்துப் போடாதீர்கள். முந்தைய நாளே அதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். புரியாத வரியைக் கோடிட்டு டாக்டரிடம் கேளுங்கள். புரிந்த பிறகு கையெழுத்திடுங்கள்.