யுத்தம் தர்மமாகுமா?

யுத்தம் எக்காலத்திலேனும் தர்மமாகுமா என்ற கேள்விக்கு இரு சாரார் எளிதில் விடை கூறுவர். எந்த யுத்தமும் பாவமே என்பர் ஒரு சாரார். நம் தேசம் செய்யும் யுத்தமெல்லாம் நியாயமே என்பர் மற்றொரு சாரார். முன்னவரிடம் நமக்குப் பெருமதிப்பு உண்டு. பின்னவரிடம் அச்சமே உண்டு. எனினும் இருவர் கூற்றையும் நாம் ஒப்புவதற்கில்லை.

முன்னவர் கட்சியில் உண்மை நிரம்ப உள்ளது. குண்டு குற்றவாளியைத் தேடிச் செல்வதில்லை. யுத்தத்தை மூட்டியவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வர். உழுதவனும் நெய்தவனும் தொட்டிலில் கிடக்கும் மகவும் மடிவர். இவ்வளவும் மெய்யே. ஆயினும் 1994-ஆம் வருஷத்தில் ருவாண்டா தேசத்தில் நடந்ததை அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். ஏப்ரல் மாதம் தொடங்கிச் சுமார் நூறு நாட்களில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் அங்கே கொல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் டூட்ஸி வகுப்பினர். ஐக்கிய நாடுகளின் அமைதிப்படை ஒன்று அத்தேசத்தில் இருந்தது. கொலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஏப்ரல் 21-ந் தேதி, பாதுகாப்புச் சபை அப்படையைச் சுமார் 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. ஆயுதம் எடுக்காததனால் அங்கே எவருடைய கை சுத்தமாயிற்று என்று கேட்கிறோம்.

பின்னவர் கட்சிக்கு மறுமொழி கூறச் சரித்திரமே போதும். யுத்தத்தை ராஜ்ய நோக்கங்களுக்குக் கருவியாகக் கொள்வதில்லை என்று 1928-இல் பாரிஸ் நகரில் கையொப்பமிட்ட தேசங்களில் ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகிய மூன்றும் இருந்தன. அவை பின்னர்ச் செய்ததை உலகம் அறியும். 2003-இல் அமெரிக்காவும் பிரிட்டனும், ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் மறைந்து கிடக்கின்றன என்று சொல்லிப் படையெடுத்தன. தேசத்தைப் பிடித்தபின் தேடியும் அந்த ஆயுதக் குவியல் அகப்படவில்லை. தன் வழக்கில் தானே நீதிபதியாக அமர்பவனுக்குத் தோல்வி ஏது?

ஆகவே இவ்விஷயத்தை நியாயஸ்தலத்தில் விசாரிப்பது போலவே விசாரிக்கவேண்டும். நமது தண்டனைச் சட்டம் தற்காப்புரிமையை ஒப்புக்கொள்கிறது. தன் உடலை மட்டுமின்றிப் பிறர் உடலைக் காக்கவும் அவ்வுரிமையை அளிக்கிறது. ஆனால் காப்பதற்கு வேண்டிய அளவுக்கு மேல் தீங்கு செய்ய அனுமதிப்பதில்லை. இந்த அளவுகோலைக் கொண்டு, நம் தேசமே ஈடுபட்ட 1971-ஆம் வருஷத்து யுத்தத்தை அளந்து பார்ப்போம்.

1970 டிசம்பரில் பாகிஸ்தானில் நடந்த தேர்தலில், 300 பொது ஸ்தானங்களில் 160 ஸ்தானங்களை ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் கைப்பற்றியது. மார்ச்சு 3-ந் தேதி கூடவேண்டிய தேசிய சபையை ராணுவ சர்க்கார் ஒத்திவைத்தது. 25-ந் தேதி இரவு டாக்கா நகரில் ராணுவம் தன் பிரஜைகள் மீதே பாய்ந்தது. மாண்டவர் தொகையில் சரித்திராசிரியர்கள் இன்றும் வேறுபடுகின்றனர். ஆனால் பெருங்கொலை நடந்தது என்பதற்கு நம் சாட்சிகள் தேவையில்லை. டாக்காவிலிருந்த அமெரிக்கத் தூதரக உத்தியோகஸ்தர்களே தங்கள் சர்க்காரின் மௌனத்தைக் கண்டித்து ஏப்ரல் 6-ந் தேதி தந்தி அனுப்பினர். பாகிஸ்தான் பத்திரிகையாளரான அந்தோணி மஸ்கரேனாஸ், தாம் கண்டதை ஜூன் மாதத்தில் லண்டன் பத்திரிகையில் வெளியிட்டார். சுமார் ஒரு கோடி அகதிகள் நம் எல்லைக்குள் வந்தனர். திரிபுராவில் அவர்கள் தொகை அந்நாட்டு ஜனத்தொகைக்கு ஏறக்குறைய ஈடாயிற்று.

வேறு வழி தேடப்பட்டதா? பாரத யுத்தத்திற்கு முன் கண்ணன் தூது சென்றான். ஐந்து ஊர்களும் மறுக்கப்பட்ட பிறகே வில் வளைந்தது. 1971-இலும் எட்டு மாதம் கடந்தது. பிரதம மந்திரி ஸ்ரீமதி இந்திரா காந்தி அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ் முதலிய தேசங்களுக்கு நேரிற் சென்று முறையிட்டார். பலன் கிட்டவில்லை.

எதிர்வாதத்தையும் மறைப்பது முறையன்று. டிசம்பர் 3-ந் தேதி பாகிஸ்தான் விமானங்கள் நம் விமான தளங்களைத் தாக்கின என்பது உண்மை. அதற்கு முன்பே வங்காள விடுதலைப் படைக்கு நாம் ஆயுதமும் பயிற்சியும் அளித்ததும், நவம்பரிலேயே நம் துருப்புகள் எல்லை கடந்ததும் அவ்வளவே உண்மை. பாகிஸ்தான் இரண்டாவதில் நமக்கு ராஜ்ய லாபம் இருந்தது. டிசம்பர் 7-ந் தேதி ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை, யுத்தத்தை நிறுத்துமாறு 104 வோட்டுகளால் கேட்டது, எதிர்த்தவை 11. வெற்றிக்குப் பின் உருது பேசும் பீஹாரி முஸ்லிம்கள் பலர் பழிவாங்கப்பட்டனர். இவ்வளவும் பதிவேட்டில் இருக்கட்டும்.

இருப்பினும் நம் தீர்ப்பை நிர்ணயிப்பது ஆரம்பம் மட்டுமன்று, முடிவுமேயாகும். டிசம்பர் 16-ந் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுநாளே மேற்கு முனையிலும் இந்தியா தானாகச் சண்டையை நிறுத்தியது. அப்பொழுது சுமார் 93,000 கைதிகள் நம் வசம் இருந்தனர். மேலும் முன்னேறும்படி தூண்டும் ஆசைக்கும் குறைவில்லை. 1972 மார்ச்சு மாதத்திலேயே நம் படை பங்களாதேஷை விட்டு வெளியேறியது. மேற்கில் பிடித்த நிலமும், காஷ்மீர்ப் பகுதி நீங்கலாக, சிம்லா உடன்படிக்கைப்படி திருப்பித் தரப்பட்டது. அகதிகளில் மிகப் பெரும்பாலோர் தம் ஊருக்குத் திரும்பினர். காப்பதற்காக எடுத்த கையைக் காத்தபின் மடக்கிக்கொள்வதே தற்காப்பு. மடக்காத கை, முதலிலேயே வேறொன்றுக்காக நீண்டது என்றே நியாயஸ்தலம் ஊகிக்கும்.

ஆதலின் யுத்தம் சில சமயங்களில் அனுமதிக்கத்தக்கது, எச்சமயத்திலும் கொண்டாடத்தக்கதன்று. எந்த சர்க்காராவது, நமது சர்க்காராயினும் சரி, இனி யுத்தம் வேண்டுமென்று நம்மிடம் வருமாயின், பிரஜைகள் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். கொடுமைக்கு உங்களைச் சாராத சாட்சிகள் யார்? எந்தெந்தக் கதவைத் தட்டினீர்கள்? எந்த இடத்தில் நிறுத்துவீர்கள்? முதலிரண்டுக்கும் சாமர்த்தியமாக விடை புனையலாம். மூன்றாவதற்குத் தொடங்குமுன்பே தெளிவாக விடை சொல்ல இயலாத சர்க்காருக்கு நம் பிள்ளைகளில் ஒருவனையும் கேட்கும் உரிமை இல்லை.