வால்பாறையின் கொல்லைப்புறம்

ஆழியாறு அணையைத் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்ததும் வால்பாறையில் எல்லாரும் முதலில் செய்வது ஒன்றுதான். வண்டியை ஓரம் கட்டி, தேயிலைச் சரிவின் முன் நின்று படம் எடுப்பார்கள். எடுக்கட்டும், அழகுதான்! ஆனால் அந்தப் படத்தில் விழாத ஒரு வால்பாறை இருக்கிறது. ஓடைக்கரையிலும் பள்ளத்திலும், தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே, வெட்டுக்குத் தப்பித் திட்டுத் திட்டாக நிற்கும் மழைக்காடு. அதற்குள் பகலில் ஒரு கூட்டமும் இரவில் ஒரு கூட்டமுமாக ஓயாமல் வேலை நடக்கிறது. வேலை பார்ப்பவர்களில் சிலர் மனிதர்கள். பலர் மனிதர்கள் அல்ல! வாசல் பக்கம் நின்றால் இவர்கள் கண்ணில் படமாட்டார்கள். வாருங்கள், கொல்லைப்புற வழியாகப் போவோம்.

போகிற வழியில் ஊர்க்கதை கொஞ்சம். சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பீடபூமி முழுவதும் ஒரு காலத்தில் காடுதான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோடாலி விழத் தொடங்கியது. காப்பி வந்தது, தேயிலை வந்தது, ஏலக்காய் வந்தது. இன்று சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்துக் காடுகளும் நிற்க, நடுவில் எஸ்டேட்டுகள். அவற்றுக்குள்ளே 40-க்கும் மேற்பட்ட காட்டுத் துண்டுகள். சில துண்டுகள் சில ஹெக்டேர்தான் இருக்கும். அவற்றையும் உண்ணிச்செடி மூடியிருந்தது, விறகுக்கு வெட்டிப் பாதி உயிராக்கியிருந்தார்கள்.

இப்போது கதவைத் திறக்கலாம். இதோ நாற்றங்கால்!

நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைச் சேர்ந்த திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் இருபதாண்டுகளுக்கும் மேலாக எஸ்டேட் நிறுவனங்களோடு சேர்ந்து இந்தத் துண்டுகளைத் திரும்பக் காடாக்கி வருகிறார்கள். அதற்கான பிள்ளைகள் எல்லாம் வளர்வது இங்கேதான். நிழல்வலைக்கு அடியில், கறுப்புப் பாலித்தீன் பைகளில், வரிசை வரிசையாக மழைக்காடு! வெடிப்பலா இருக்கிறது, கருங்குங்கிலியம் இருக்கிறது, நாங்கு இருக்கிறது, காட்டு ஜாதிக்காய் இருக்கிறது. இதுவரை இங்கே வளர்த்த நாட்டு இனங்கள் 150-ஐத் தாண்டும். நாங்கு மரத்துக் கன்று தளிர் விடுகிற பருவத்தில் பார்க்க வேண்டும். செக்கச்செவேல் என்று தொங்கும் அந்தத் தளிரைத் தொடாமல் யாராலும் இருக்க முடியாது!

இத்தனை விதைக்கும் எங்கே போகிறார்கள்? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நடுக்காட்டுக்குள் புகுந்து அள்ளிக்கொண்டு வருவதில்லை. அங்கே விழுந்த விதை அங்கேயே முளைக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். இவர்கள் பொறுக்குவது சாலையோரத்தில், தடங்களின் ஓரத்தில். ஒரு பெரிய மரம் தார்ச்சாலை மேல் பழத்தைக் கொட்டினால், அந்த விதையின் கதி என்ன? லாரிச் சக்கரம்தான். அதற்குள் ஒரு கை வந்து எடுத்துவிடுகிறது. எங்கே எந்த மரம் நிற்கிறது, எந்த மாதம் காய் உதிரும் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு வால்பாறைச் சாலை என்பதே வேறு ஒரு சாலை!

எடுத்துவிட்டால் போதுமா? போதாது, அவசரம் அங்கேதான் தொடங்குகிறது. விதைநெல்லைக் கோட்டை கட்டி அடுத்த பட்டம் வரை வைப்பதுபோல மழைக்காட்டு விதைகளை வைக்க முடியாது. பெரும்பாலானவை காய்ந்தால் செத்துப்போகும். ஈரம் போவதற்குள், சில நாட்களுக்குள் மண்ணில் ஊன்ற வேண்டும். ஊன்றிய பிறகு பொறுமை! சில இனங்கள் இரண்டு வாரத்தில் தலை நீட்டும். ருத்ராட்சக் குடும்பத்து மரங்களின் கல் போன்ற கொட்டைகளோ மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று எடுத்து எறியப் போகிற நேரத்தில் முளை விடும். ஒரு நாற்றங்காலுக்குள் இத்தனை விதமான காலக்கணக்கு ஒன்றாக ஓடுவதை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது.

கன்றுகள் ஓரிரு ஆண்டு இங்கே வளர்ந்து, தென்மேற்குப் பருவமழை இறங்கும்போது காட்டுக்குப் போகின்றன. ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் கொட்டுகிற ஊர் இது. அந்த மழையில் நடவு, வழுக்குகிற சரிவில், அட்டைக்கடியோடு! அதற்கு முன்பே களை எடுத்திருக்க வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மண் அள்ளும் இயந்திரம் விட்டுச் சுத்தமாக வழித்து எடுத்துவிட்டால் சுலபம். ஆனால் உண்ணிச்செடிப் புதருக்குள் தானாகவே முளைத்த ஒரு விரல்நீளப் பாலி மரக்கன்று ஒளிந்திருக்குமே! ஆகவே கையால் விலக்கி, பார்த்துப் பார்த்து எடுக்கிறார்கள். நட்ட பிறகும் சில ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய்க் களை எடுக்க வேண்டும். ஒரே மரத்தை வரிசையாக நட்டுக் கைதட்டி விழா முடிக்கிற மரநடுகைகளை நாம் நிறையப் பார்த்தாயிற்று. இது அந்த வகை அல்ல என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

பலன் உண்டா? உண்டு! நட்டு 7 முதல் 15 ஆண்டு ஆன இடங்களை, அப்படியே விடப்பட்ட சிதைந்த இடங்களோடு ஒப்பிட்டு 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. நட்ட இடங்களில் மரங்கள் அதிகம், இனங்கள் அதிகம், மரங்களில் சேர்ந்த கரிமமும் அதிகம். மழைக்காட்டுப் பறவைகளும் அங்கேயே கூடுதலாகத் திரும்பியிருக்கின்றன. பழைய காட்டுக்கு இன்னும் ஈடாகவில்லை. நூறு ஆண்டு நின்ற மரத்துக்குப் பதினைந்து ஆண்டில் ஈடு எப்படி வரும்? ஆனால் திசை சரி.

சரி, இருட்டிவிட்டது. இரவு வேலைக்காரர் வருகிற நேரம்!

பழுப்பு மரநாய். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. பகலெல்லாம் மரப்பொந்தில் தூங்கும், சமயத்தில் மலை அணில் கட்டிய கூட்டிலேயே படுத்துக்கொள்ளும்! அந்தி சாய்ந்தால் பழம் தேடிக் கிளம்பும். களக்காடு முண்டந்துறையில் திவ்யா முத்தப்பா செய்த ஆய்வில், அது தின்ற பழங்களின் பட்டியல் மட்டும் 50 இனங்களுக்கு மேல். தின்ற விதைகளை ஊரெங்கும் எச்சத்தில் விட்டுப் போகிறது, பழுதில்லாமல். கூலியில்லாத நடவு!

பகல் வேலைக்கு இருவாச்சி. அது மரத்துக்கு வந்து சேரும் முன்பே, பறந்து வரும் ஓசை நம் காதுக்கு வந்துவிடும். பெண் பறவை பொந்துக்குள் புகுந்து, எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்கிறது. அலகு நுழைகிற ஒரு பிளவு மட்டும் மிச்சம். ஆண் பறவை வாரக்கணக்கில் அத்தியும் குங்கிலியக் காயும் கொண்டுவந்து ஊட்டுகிறது. உள்ளேயிருந்து விதைகள் வெளியே விழும். கூட்டு மரத்தடியில் குனிந்து பாருங்கள், அங்கேயும் ஒரு நாற்றங்கால் முளைத்திருக்கும்!

ஒன்று மட்டும் சிக்கல். இந்த வேலைக்காரர்களுக்கு நாட்டு மரம், வந்த மரம் என்ற பேதம் கிடையாது. எஸ்டேட் நிழலுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மேசாப்சிஸ் பழத்தை இருவாச்சி விரும்பித் தின்கிறது. மரநாயோ ரோபஸ்டா காப்பிக் கொட்டையைக் காட்டுக்குள் விதைக்கிறது. களை எடுக்கிற கைக்கு ஓய்வே இல்லாமல் போனது இதனால்தான்.

புதுத்தோட்டம் எஸ்டேட்டின் சிங்கவால் குரங்குகளைப் பார்க்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. மரத்தை விட்டு இறங்காமலே வாழ வேண்டிய விலங்கு, இங்கே காட்டுக்கு நடுவே சாலை ஓடுவதால் தரையிறங்கிக் கடக்கிறது. அடிபட்டும் செத்திருக்கிறது. அதனால் சாலைக்கு மேலே, கிளைக்குக் கிளை, தீயணைப்புக் குழாய்த் துணியால் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். சாலையில் நின்று வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லும் காவலர்களும் உண்டு. குட்டி வயிற்றைப் பற்றிக்கொண்டிருக்க, ஒரு தாய் அந்தப் பாலத்தில் ஏறி நடந்துவிட்டால், கீழே நிற்கும் அத்தனை பேர் முகத்திலும் சிரிப்பு!

கடைசியாக, யானை. பீடபூமிக்குள் யானைகள் வரும், போகும். இது அவற்றின் பழைய வழி. இங்கே சுமார் 70,000 மனிதர்களும் வாழ்கிறார்கள். ரேஷன் கடையிலும் சத்துணவுக் கூடத்திலும் அரிசி வாசனை யானையை இழுக்கிறது. ஆனால் உயிர்ச்சேதம் பெரும்பாலும் கடை வாசலில் நடந்ததல்ல. மாலையில் பஸ் இறங்கி லைன் வீட்டுக்கு நடந்து போகிறவருக்கு, அடுத்த திருப்பத்தில் யானை நிற்பது தெரியாமல் போனதால் நடந்தது. இதை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து கண்டுபிடித்தவர் அதே அமைப்பைச் சேர்ந்த எம். ஆனந்தகுமார். 2015-இல் அவருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது.

தெரியாததுதான் கொல்கிறது என்றால் தெரிவித்துவிட வேண்டியதுதானே! உள்ளூர் கேபிள் டிவியில் அடியில் ஓடுகிற வரியாக, யானை இன்று எந்த எஸ்டேட்டில் என்று செய்தி வந்தது. 2011 முதல் ஆயிரக்கணக்கான கைபேசிகளுக்குக் குறுஞ்செய்தியும் போகத் தொடங்கியது. வனத்துறையும் எஸ்டேட்டுகளும் கைகோத்தன. பிறகு வந்ததுதான் சிவப்பு விளக்கு. தூரத்திலிருந்தே தெரிகிற மேட்டில் ஒரு கம்பம், உச்சியில் விளக்கு, உள்ளே ஒரு சிம் கார்டு. விளக்கு மின்னினால் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் யானை இருக்கிறது, பார்த்து நட என்று பொருள். அதை எரியவிடுவது எந்த அலுவலகமும் அல்ல. யானையைக் கண்ட எஸ்டேட்காரர் ஒருவர், தன் கைபேசியிலிருந்து அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறார். அவ்வளவுதான், மேட்டில் விளக்கு எரிகிறது!