கிராம மாணவர்க்குப் பொதுச்சேவைப் பயிற்சியும் உபகாரச் சம்பளமும்

திருக்கடையூரிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் உள்ள குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இக்காலத்தில் கல்லூரிப் படிப்பை எட்டியுள்ளனர். 1955-ல் ஏற்பட்ட மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும், பொறையாற்றுக் கல்லூரியும் பஸ்ஸில் போய் மாலையில் திரும்பும் தூரத்திலேயே உள்ளன. அரசாங்கப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் திட்டம் 2022-லும், ஆண்களுக்கு அதே தொகை அளிக்கும் திட்டம் 2024-லும் தமிழ்நாட்டில் ஏற்பட்டன. ஆகவே படிப்பதற்கு ஒருவாறு வழி பிறந்திருக்கிறது. ஆனால் ஒரு பொது ஸ்தாபனத்தில் மனுக்கள் எவ்வாறு பெறப்படுகின்றன, கணக்குகள் எவ்வாறு எழுதப்படுகின்றன என்பதைச் சில மாதம் உடனிருந்து பழகுவதற்கு வழி மிகக் குறைவு.

இத்தகைய பயிற்சி பெரும்பாலும் சம்பளமின்றியே கிடைக்கிறது. பட்டணத்து மாணவனுக்கு அது பெரிய இடைஞ்சலன்று. அவன் தன் வீட்டிலேயே உண்டு, உறங்கி, அலுவலகம் சென்று வரலாம். கிராமத்து மாணவன் நிலை வேறு. விடுமுறையில் அவன் ஈட்டும் கூலி வீட்டுச் செலவுக்கு வேண்டியிருக்கிறது. மணிவிழாக்களுக்குப் பெயர்பெற்ற திருக்கடையூரில் ஒரு நாள் பந்தி பரிமாறினாலும் கையில் காசு சேரும். அக்கூலியை விட்டுவிட்டு, பஸ் கட்டணமும் மதியச் சாப்பாட்டுச் செலவும் தானே கொடுத்து மாயூரத்திற்குப் போய்ப் பழகு என்றால் எந்தத் தகப்பனார் சம்மதிப்பார்? இலவசப் பயிற்சி என்பது அவ்வீட்டுக்கு நஷ்டமாகவே முடிகிறது. எனவே உபகாரச் சம்பளத்தைப் பரிசென்று கருதலாகாது. ஏழை மாணவன் உள்ளே நுழைவதற்கு அதுவே வாயில்.

இதற்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டில் கிராமங்களில் தங்கி, உழவருடன் வயலில் இறங்கிப் பழகுவதை அங்கத்தினர் பலர் கண்டிருப்பர். கிராமத் தங்கல் என்று வழங்கும் அவ்வேற்பாடு, 2015-ல் தொடங்கப்பெற்ற அகில இந்தியத் திட்டமொன்றின் பகுதியாயிற்று; மாணவர் ஒருவருக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் ஆறு மாதங்கள் வரை அளிக்க அதில் இடமுண்டு. கூட்டுறவுத் துறைக்கென்றே தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகம் 2020-ல் 'சககார் மித்ரா' என்ற பயிற்சித் திட்டத்தை ஏற்படுத்தி, நான்கு மாதத்திற்கு 45,000 ரூபாய் வரை வகை செய்தது. தமிழ்நாட்டில் 2022-ல் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் பிறந்தது; அதற்கு 30 பேர் தேர்ந்தெடுக்கப்படுவதென்று ஏற்பாடு.

இவை யாவும் நல்லவையே. ஆயினும் முதலாவது வேளாண்மை படிப்பவர்க்கு. மற்றவை முக்கியமாகப் பட்டம் பெற்றுத் தேர்ந்தவர்க்கு. பொறையாற்றில் பி.காம். இரண்டாம் ஆண்டு பயிலும் சிற்றுழவர் மகளுக்கு இவற்றுள் எது கிட்டும்?

இவ்விடத்தேதான் தொடக்கக் கூட்டுறவுச் சங்கம் முன்வரலாம். வேலைக்குக் குறைவில்லை. மேட்டூர் அணை திறந்து குறுவை தொடங்குங்கால் பயிர்க்கடன் மனுக்கள் குவிகின்றன. சிட்டா, அடங்கல் நகல்களைச் சரிபார்த்தல், பயிர்க்காப்பீட்டு விவரங்களை எடுத்துரைத்தல், பழைய பேரேட்டைக் கணிப்பொறிக் கணக்குடன் ஒப்பிடுதல் ஆகியவற்றில் கணக்குத் தெரிந்த மாணவி இரண்டே வாரத்தில் தேர்ச்சி பெறுவாள். எழுதப் படிக்கத் தெரியாத அங்கத்தினருக்கும் அவளால் பெரும் உதவியுண்டு.

பணத்துக்கு என்ன செய்வது? ஒரு கணக்குப் பார்க்கலாம். இரு மாணவருக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் இரண்டு மாதத்திற்கு ஆகும் செலவு 12,000 ரூபாய். சங்கத்தில் 800 அங்கத்தினர் இருப்பின் தலைக்குப் பதினைந்தே ரூபாய். இலாபம் ஈட்டும் சங்கங்கள் நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு வீதம் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்துகின்றன; அந்நிதி தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளது. அதிலிருந்து உதவி கோரி மனுச் செய்யலாம். துணைவிதி இடங்கொடுத்தால் சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்தும் ஒதுக்கலாம். நஷ்டத்தில் நடக்கும் சங்கம் இதில் இறங்கவே வேண்டாம். அங்கத்தினரின் வைப்புத் தொகையை எக்காரணங்கொண்டும் தொடலாகாது.

இரண்டு விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும். தேர்வு நிர்வாகிகளின் உறவினர் வட்டத்திற்குள் முடிந்துவிடக் கூடாது. கல்லூரித் தலைவரிடம் பெயர்கள் கேட்டு, நிலமற்றோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலிடம் தருவது முறை. மற்றொன்று, வந்த மாணவரைக் காப்பி வாங்கிவர ஏவும் வழக்கம். அதற்குச் சங்கப் பணம் செலவழிப்பதற்கில்லை. இன்ன வேலை, இன்ன நாள் வரை என்று எழுதிக் கொடுத்து, வாரந்தோறும் காரியதரிசி பார்வையிட்டுக் கையொப்பமிடுதல் வேண்டும். உபகாரச் சம்பளம் மாணவரின் வங்கிக் கணக்கிலேயே மாதக் கடைசியில் சேரட்டும். கல்லூரி விடுமுறை மே மாதத்தில் வருவதால், மார்ச்சு முடிவதற்குள் பேரவையில் தீர்மானம் நிறைவேற்றுவது உசிதம்.