விபூதியோடு இருபது கிராம்

குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம் என்றால் ஒரு தலைக்கட்டு விடாமல் பத்திரிகை போய்ச் சேர வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அழைத்ததாகவே பங்காளிகள் எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் கோயிலுக்கு 800 தலைக்கட்டு. 2018-ல் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

அச்சகத்து மாதிரி கண்ணைப் பறித்தது. 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் போர்டில் கோபுரம் பொன்னாக மின்னியது. நன்கொடைச் சீட்டு, விபூதிப் பொட்டலம், கனத்த உறை எல்லாவற்றையும் சேர்த்து நகைக்கடைத் தராசில் வைத்தேன். 30 கிராம் காட்டியது. சாதாரணத் தபாலுக்கு அப்போது 20 கிராம் வரை 5 ரூபாய். அதைத் தாண்டினால், ஒரு கிராமே கூடினாலும், இன்னொரு 5 ரூபாய். அப்படியானால் 800 பத்திரிகைக்கு 8,000 ரூபாய்.

"புக் போஸ்ட்னு எழுதி விட்டுடுப்பா. கல்யாணப் பத்திரிகை எல்லாம் அப்படித்தானே போகுது" என்றார் பெரியப்பா. அவர் சொன்னது சரிதான். அப்போது புக் போஸ்ட்டில் 50 கிராம் வரை 4 ரூபாய். ஆனால் அதற்கு உறையை ஒட்டக் கூடாது. உள்ளே தனிப்பட்ட சேதி எதுவும் எழுதக் கூடாது. ஒட்டாத உறையில் விபூதியை வைத்தால் வழியெல்லாம் கொட்டும். விபூதி இல்லாத பத்திரிகையைப் பெரியப்பாவே ஏற்க மாட்டார். ஆகவே ஒட்டிய உறைதான், கடிதக் கட்டணம்தான். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் எடையில்தான் பிடிக்க வேண்டும்.

எடைக் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதே ஜி.எஸ்.எம். ஏ4 தாள் அதில் பதினாறில் ஒரு பங்கு. 300 ஜி.எஸ்.எம். அட்டையில் ஓர் ஏ4 மட்டுமே 19 கிராமை நெருங்கிவிடும். உறை போட இடமே இல்லை. அதையே 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் பேப்பருக்கு மாற்றினால் 8 கிராம். நன்கொடைச் சீட்டு இரண்டரை, மெல்லிய உறை 5, விபூதி 2. மொத்தம் பதினேழரை. செலவு 4,000 ரூபாயாகக் குறைந்தது. மிச்சமான பணத்தில் அன்னதானத்துக்கு மூன்று சிப்பம் அரிசி வந்தது. அந்த இரண்டரை கிராம் இடைவெளியை வேண்டுமென்றேதான் விட்டேன். மழைக்காலத்தில் தாள் ஈரம் இழுத்துக் கனக்கும். எல்லை தாண்டி ஸ்டாம்பு குறைந்தால் குறையும் தொகையைப் போல இரண்டு மடங்கைப் பெறுபவரிடம் வசூலிப்பார்கள். குலதெய்வத்தின் அழைப்பைப் பங்காளி 10 ரூபாய் தண்டம் கட்டி வாங்குவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பொட்டலத்தை எங்கே வைப்பது என்பதையும் யோசிக்க வேண்டியிருந்தது. வலது மேல்மூலையில் ஸ்டாம்பு இருக்கும். அதன்மேல் முத்திரை ஓங்கி விழும். பொட்டலம் அங்கே நகர்ந்திருந்தால் உடைந்துவிடும். அதனால் பத்திரிகையின் உள்மடிப்பில், இடது கீழ்ப்பக்கமாக ஒட்டச் சொன்னேன்.

முகவரிதான் பெரும்பாடு. ஊரில் பாதிப் பேருக்குச் சாமி பெயர்தான். ஒரே தெருவில் நான்கு கருப்பையா. அப்பா பெயர், வீட்டு எண், கைபேசி எண் மூன்றும் இருந்தால்தான் தபால்காரர் ஆளைக் கண்டுபிடிப்பார். பின்கோடு 1972-ல் வந்தது. இன்றும் நம் நோட்டுப் புத்தகங்களில் பாதி முகவரிக்கு அது இல்லை. முதல் மூன்று இலக்கம் கடிதத்தைப் பிரிப்பு மாவட்டத்துக்கும், கடைசி மூன்று குறிப்பிட்ட தபால் நிலையத்துக்கும் கொண்டுபோகின்றன. ஒவ்வொன்றாகத் தேடி எழுதினோம். பின்கோடு வரிசைப்படி கட்டுக் கட்டிக் கொடுத்ததில் தபால் நிலையத்தாருக்கும் வேலை குறைந்தது.

அனுப்புநர் முகவரியை உறையில் போட்டால் அழகு கெடும் என்று இளைஞர்கள் சிலர் சொன்னார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அது இருந்தால்தான் சேராத கடிதம் நம்மிடமே திரும்பி வரும். இன்று கட்டணமும் சேவைகளும் மாறியிருக்கின்றன. அச்சுக்குக் கொடுக்கும்முன் மாதிரியைத் தபால் நிலைய முகப்பில் எடை போட்டுக் கேட்டுவிடுங்கள்.

எங்களுக்கு 43 உறைகள் திரும்பி வந்தன, 'வீடு மாறிவிட்டார்' என்ற குறிப்போடு. பெரியப்பா அவற்றை ரப்பர் பேண்ட் போட்டு வைத்துக்கொண்டார். கும்பாபிஷேகத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அந்தக் கட்டை நீட்டி, "இவன் இப்ப எங்கப்பா இருக்கான்?" என்று கேட்டுக் கேட்டு, உறையின் மேலேயே புது முகவரியை எழுதிக்கொண்டிருந்தார்.